ஊருணி நீச்சல் கடலுக்குப் போதாது: கோடையில் தீவுக்குக் கிளம்பும் செட்டிநாட்டாருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் ஊருணியை ஒரே மூச்சில் நான்கு தடவை குறுக்கே நீந்திவிடுவான் என் மச்சான். ஊரில் அதற்காகவே அவனுக்கு ஒரு பெயர் உண்டு. சில வருடங்களுக்கு முன் மே மாதக் கடைசியில், அந்தமானின் ஹேவ்லாக் தீவில், மேற்குக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தான். அடுத்த முறை பார்த்தபோது தலை மட்டும் தெரிந்தது. உயிர்காப்பாளர் மிதவையோடு போய் இழுத்து வந்தார். உப்புத் தண்ணீரைக் கக்கி முடித்த பிறகு மச்சான் சொன்ன முதல் வார்த்தை: "ஊருணியில் தண்ணீர் சும்மா கிடக்கும் அத்தான். இது நடந்து போகிறது."

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருந்து பள்ளி விடுமுறையில் அந்தமான், மாலத்தீவு, புக்கெட், லங்காவி என்று முதல் முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் முன்னோர் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்கள்தான். ஆனால் அவர்கள் கடலைக் கடந்தார்கள். அதில் இறங்கி விளையாடவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மறக்காமல்தான் இந்த வறண்ட சீமையில் வந்தும் வீட்டை இத்தனை உயரத் திண்ணையோடு கட்டினார்கள் என்று ஊரில் சொல்வதுண்டு. உண்மையோ கதையோ, அந்தப் பயத்தில் கொஞ்சம் நமக்கும் மிச்சம் இருந்தால் நல்லது.

முதலில் தேதி

டிக்கெட் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானோர் பிள்ளைகளின் விடுமுறையை மட்டும் பார்த்துவிட்டு மே கடைசி வாரத்தைக் குறிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு ஜூன் 1 வாக்கில் வருகிறது என்று நமக்குத் தெரியும். அதற்குப் பத்து நாள் முன்பே அது அந்தமானில் இறங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. மே மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அங்கே நீங்கள் பார்ப்பது கோடை ஆகாது, மழைக்காலத்தின் வாசல்படி.

அதோடு ஏப்ரல் முதல் ஜூன் வரை வங்கக் கடலில் புயல் பிறக்கும் பருவம். 2020-இல் அம்பன், 2023-இல் மோக்கா, 2024-இல் ரீமால், மூன்றும் மே மாதத்துப் புயல்கள். 2008-இல் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தைச் சூறையாடிய நர்கீசும் மே மாதம்தான் வந்தது. ஆகவே அந்தமான் என்றால் ஏப்ரல் பிற்பாதியில் போய்விட்டு மே முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்பது என் கட்சி. வெயில் இருக்கும், ஆனால் கடல் ஓரளவு சொன்னபடி கேட்கும்.

எந்தக் கரை என்பதும் தேதியோடு சேர்ந்த கேள்வி. மே முதல் செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வீசும். மேற்கு பார்த்த கரைகள் அடி வாங்கும், கிழக்குப் பக்கம் ஒதுங்கி இருக்கும். இலங்கையில் இந்த மாதங்களில் ஹிக்கடுவைப் பக்கம் கொந்தளிக்கும்போது திருகோணமலை அமைதியாகக் கிடக்கும். புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் சிவப்புக் கொடி பறக்காத நாட்கள் குறைவு. அதே தாய்லாந்தின் மறுபக்கம் இருக்கும் சமூய் தீவுக்குப் பெருமழை வருவது அக்டோபருக்கு மேல். ஹேவ்லாக்கில் (இப்போது அரசு ஏட்டில் சுவராஜ் தீவு) எல்லோரும் போட்டோவில் பார்த்து மயங்கும் ராதாநகர் கடற்கரை மேற்குப் பக்கம். விஜயநகர், காலாபத்தர் இரண்டும் கிழக்குப் பக்கம். மச்சான் நின்றது எந்தப் பக்கம் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று: திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் முழுவதும் போர்ட் பிளேரில் இருங்கள். விமானம் பிடிக்க வேண்டிய நாள் காலையில் ஹேவ்லாக்கிலிருந்து படகேறுவது சூதாட்டம். கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டால் மாற்று வழி கிடையாது. நாங்கள் ஒரு முறை அப்படி மாட்டி, ஆறு டிக்கெட்டும் வீணாகி, புது டிக்கெட் வாங்கிய தொகையில் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கலாம். படகுக்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை. அவர் போகாமல் இருந்ததற்குத்தான் பிற்பாடு நன்றி சொன்னோம்.

ஒத்திகை: தனுஷ்கோடிக்கு ஒரு நாள்

கடலைப் பார்க்கப் பழகாமல் தீவுக்குப் போகாதீர்கள். காரைக்குடியிலிருந்து மூன்று மணி நேரத்தில் ராமேசுவரம். அதுவும் ஒரு தீவுதான் என்பதை நாம் பாலத்தால் மறந்துவிட்டோம். அங்கிருந்து அரிச்சல்முனைக்குப் போங்கள். சாலை முடியும் இடத்தில் முனையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும் வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கோடையில் போனால் காரணம் விளங்கும்: ஒரு பக்கம் தண்ணீர் நம் ஊருணிபோல் நெளிந்துகொண்டிருக்கும், நூறு தப்படி தள்ளி மறுபக்கம் கரையை அறைந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வந்தால் பெண் கடலும் சீறும். பெயரை நம்பி ஏமாற வேண்டாம், காற்றைப் பாருங்கள்.

இறங்க வேண்டாம், அங்கே குளிக்கத் தடை. உட்கார்ந்து பாருங்கள், அரை மணி நேரம், செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு. முதல் ஐந்து நிமிடம் எல்லா அலையும் ஒன்றுபோல இருக்கும். பிறகு, சின்ன அலைகளாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று நான்கைந்து பெரிய அலைகள் வரிசையாக வந்து, நீங்கள் ஈரமில்லை என்று நினைத்த மணலை நனைத்துவிட்டுப் போகும். அதுதான் பாடம். கடலின் அளவை அதன் சின்ன அலையைக் கொண்டு எடை போடக் கூடாது. எந்தக் கரைக்குப் போனாலும் இறங்குமுன் இருபது நிமிடம் இப்படி உட்காருங்கள். பிள்ளைகள் நச்சரிப்பார்கள், சீடை டப்பாவைத் திறந்து கொடுத்துவிடுங்கள்.

எச்சரிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும்

"பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்ற செய்தியைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். படித்துப் படித்து அது காதில் ஏறாமல் போய்விட்டது. 1, 2 என்றால் புயல் சின்னமோ புயலோ வெகுதூரத்தில் இருக்கிறது; 3 என்றால் இந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்றை எதிர்பார்க்கலாம்; 4-க்கு மேல் போகப்போக ஆபத்து அந்த ஊரை நோக்கியே வருகிறது என்று பொருள். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு கப்பல்களுக்காக ஏற்றுவது. ஆனால் நீங்கள் ஏறப்போகும் படகும் கப்பலின் தம்பிதானே.

வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுக்கிறது. ஆரஞ்சு என்றால் அன்றைக்குப் படகுப் பயணத்தை ரத்து செய்துவிட்டு அறையில் சீட்டாடலாம். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது மீனவர்களுக்கான வரி: "அந்தமான் கடல் பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும்; மீனவர்கள் செல்ல வேண்டாம்." வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடப்பவனையே போகாதே என்று சொல்லும்போது, ஊருணிக்காரன் போவதற்கு என்ன இருக்கிறது?

இந்த எச்சரிக்கைகள் எதிலும் சிக்காதது போலத் தோன்றும் ஓர் ஆபத்து உண்டு. அதற்குப் பெயரே கள்ளக்கடல். கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-இல் யுனெஸ்கோவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசும் புயற்காற்று நெடிய அலைகளை எழுப்பும். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து, ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கக் கரைகளுக்கு வந்து சேரும். கரையில் காற்று இராது, மழை இராது, வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். அலை மட்டும் திருடனைப்போல் வந்து எழும்.

2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரம் அருகே கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அதைக் கொடுப்பது ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் மையம். இன்காய்ஸ் என்று சொல்வார்கள். அவர்களுடைய சமுத்ரா என்ற செயலியைக் கிளம்புமுன் செல்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். இடி, மின்னலுக்குத் தாமினி என்று தனிச் செயலி இருக்கிறது. தீவுகளில் இணையம் நொண்டும் என்பதால் காலையில் அறையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

வெயில்: நமக்குத் தெரியாத வெயில்

"காரைக்குடி வெயிலைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று நாம் எல்லோரும் கேட்போம். கணக்கைப் பாருங்கள். இங்கே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் உடம்பு உணர்வது 40 டிகிரிக்குப் பக்கம். அங்கே 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 80 சதவீதம். உடம்பு உணர்வது 44, 45. நம் ஊரில் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. அங்கே வேர்வை காயவே காயாது. ஊற்றிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே தங்கும். வேர்க்கிறதே, நல்லதுதானே என்று நினைப்பது அங்கே செல்லாது.

இரண்டாவது வித்தியாசம் கடிகாரத்தில் இருக்கிறது. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் நம் கடிகார நேரத்தையே வைத்திருக்கிறது. மே மாதத்தில் சூரியன் 5 மணிக்கே எழுந்துவிடும், மாலை 5.40 வாக்கில் மறைந்துவிடும். காரைக்குடியில் 12.10-க்கு உச்சிக்கு வரும் சூரியன் போர்ட் பிளேரில் 11.15-க்கே வந்துவிடும். ஆகவே "பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்பிவிடலாம்" என்ற நம் கணக்கு அங்கே சரியாக உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தும். காலை 5.30-க்குக் கரைக்குப் போங்கள், 8.30-க்குத் திரும்புங்கள், மீண்டும் 3 மணிக்கு மேல். நடுவில் தூக்கம். விடுமுறைதானே?

ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டிச் சூரியன் அங்கே நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். மேகம் போட்டிருந்தாலும் தோல் வேகும். வெள்ளை மணலும் தண்ணீரும் கீழிருந்து திருப்பி அடிப்பதால் தொப்பி மட்டும் போதாது. களிம்பு பூசுவதைவிட, முழுக்கைப் பருத்திச் சட்டையோடு தண்ணீரில் இறங்குவதே எனக்குப் பிடித்தது.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குறைக்கக் கூடாது. தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இளநீர் கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி, ஆனால் தென்னைமரத்தடியில் உட்கார்ந்து குடிக்காதீர்கள், காய் விழும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அப்பத்தாவையும் ஐயாவையும் கூட்டிப் போனால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில மாத்திரைகள் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பு முழுக்கத் தண்ணீர் விட்டு விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது

இப்போது மச்சானுக்கு நடந்தது என்ன என்று சொல்கிறேன். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டும். அது சமமாகத் திரும்பாது. மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கண்ட இடத்தில் ஒன்றுசேர்ந்து வாய்க்கால்போல் கடலை நோக்கி ஓடும். அந்த இழுப்பின் வேகம் சில நேரம் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குகிறவரின் வேகமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதுவும் ஒரு நிமிடத்துக்குத்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வாய்க்கால்தான் பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் ஒரு பத்துப் பதினைந்து தப்படி அகலத்துக்கு அலை உடையாமல், தண்ணீர் சற்றுக் கருத்தோ மணல் கலங்கியோ, நுரை கரையை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். "இங்கே அலை இல்லை, பிள்ளைகளை இங்கே இறக்கு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கைகாட்டும் இடம் அதுவாகவே இருக்கும்.

மாட்டிக்கொண்டால்: கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். அந்த இழுப்பு உங்களை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையைத் தூக்கி அசையுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரை சேருங்கள். நம்மவர் உயிரை எடுப்பது பெரும்பாலும் பதற்றமும், தண்ணீர் குடித்த வேட்டியும் புடவையும்தான். புடவையோடு முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம்.

கரையில் நிற்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பாய்ந்து போகாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போன அண்ணன், அவனைக் காப்பாற்றப் போன சித்தப்பா என்று ஒரே வீட்டில் மூன்று பேர் போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, நல்ல கயிறு இருபது முழம். இதை நான் எந்தக் கரைக்கும் கொண்டுபோகிறேன், யார் சிரித்தாலும் சரி. கேனை எறியுங்கள், கத்துங்கள், உயிர்காப்பாளரை அழையுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் இறங்குவதே இல்லை என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. ஊதா என்றால் தண்ணீரில் கொட்டும் பிராணிகள் இருக்கின்றன. கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554.

ஓதத்துக்கு, அதாவது கடல் தண்ணீர் ஏறி வற்றுவதற்கு, சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். வற்றிய நேரம் பார்த்துப் பாறைகளில் நடந்து போனால், ஏறும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போங்கள். நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் வற்றினால்தான் போக முடியும். போய் ரசித்து நின்றுவிட்டால் திரும்பும் வழி தண்ணீருக்கடியில் போய்விடும்.

மிச்சம் சில

இடி கேட்டால் உடனே தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். ஒற்றை மரத்தடியும் ஓலைக் குடிசையும் ஒதுங்கும் இடங்களல்ல. கான்கிரீட் கட்டிடமோ மூடிய காரோ போதும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், குடிதண்ணீர் ஊற்றாதீர்கள்; கடல் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மூச்சு வாங்கினால் ஓடுங்கள். திருக்கை முள் குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகிவிடும்.

அந்தமானில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். உவர்நீர் முதலை கடலிலேயே நீந்தும். 2010-இல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கொன்றிருக்கிறது. சதுப்புக் காட்டு ஓடைகள் கடலில் சேரும் இடத்தில், அதுவும் பொழுது சாயும் நேரத்தில், கால் நனைக்கக்கூடப் போகாதீர்கள்.

நிலம் பலமாக ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலோ, சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 சுனாமியைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தங்கும் இடத்துக்குப் போன முதல் மாலையே மேட்டுக்குப் போகும் வழியை நடந்து பார்த்துவிடுங்கள்.

படகில் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் இடம் கேளுங்கள்; ஆட்டம் அங்கே குறைவு. கண் தொடுவானத்தில் இருக்கட்டும், செல்பேசியில் வேண்டாம். குமட்டலுக்கான மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். முந்தைய இரவு மிளகுக் கோழி வேண்டாம். இஞ்சி மரப்பா ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடைசிப் படகில் மச்சான் அதைத்தான் வாயில் அடக்கிக்கொண்டு, அவிழ்க்க வேண்டிய நேரம் வந்த பிறகும் உயிர்காப்பு அங்கியை அவிழ்க்காமல், துறை வரும் வரை தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.